சைக்கிள் சாகசத்துக்கு உடம்பில் எவ்வளவு தெம்பு வேண்டும்? முழுமையான வழிகாட்டி

சின்ன வயதில் எங்கள் ஊர் மந்தையில் ஒருவர் ஏழு நாள், இரவும் பகலும் இறங்காமல் சைக்கிள் ஓட்டினார். கம்பு நட்டு, டியூப்லைட் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு நடக்கும் அந்தச் சைக்கிள் சாகசத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளர்ந்த பலர் பார்த்திருப்பீர்கள். சைக்கிளிலேயே குளிப்பார், சாப்பிடுவார். ஹேண்டில்பார் மேல் உட்கார்ந்து பின்பக்கம் பார்த்தபடி மிதிப்பார். ஓடிக்கொண்டே குனிந்து தரையில் கிடக்கும் கைக்குட்டையை எடுப்பார். ஆள் ஒல்லி, சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம். அதே மந்தையில் இளவட்டக்கல் தூக்கிப் பழகிய அண்ணன்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தச் சைக்கிளை வாங்கி, ஓடாமல் நின்ற இடத்திலேயே கால் ஊன்றாமல் நிற்கப் பார்த்தார். மூன்று எண்ணுவதற்குள் கால் தரைக்கு வந்துவிட்டது. அன்றைக்கு எனக்குள் விழுந்த கேள்விதான் இது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வித்தை சொல்லிக்கொடுக்கிறேன். "அண்ணா, எனக்குக் கையில தெம்பே இல்ல, வீலிங் வருமா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. பெரியவர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள்: "மூணு மாசம் ஜிம்முக்குப் போய்ட்டு வந்து ஆரம்பிக்கட்டுமா?" இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். இங்கே பேசுவது மிதிக்கும் சைக்கிளைப் பற்றி மட்டும். போக்குவரத்துச் சாலையில் மோட்டார் பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. அதற்கு நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

நேரான பதில்

தெம்பு வேண்டும். ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. முன் சக்கரத்தைத் தூக்கப் புஜபலம் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது இடுப்பின் வேலை. உங்கள் உடம்பின் எடையை எந்த நொடியில் எங்கே கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்பதுதான் சக்கரத்தைத் தூக்குகிறது. தெம்பு உண்மையில் கணக்குக்கு வருவது வேறு மூன்று இடங்களில்: உங்கள் எடைக்குச் சைக்கிள் மிகக் கனமாக இருக்கும்போது, மேலே போன சைக்கிள் தரையில் இறங்கும்போது, நாற்பதாவது முறையும் முதல் முறை போலவே செய்யவேண்டி வரும்போது.

குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லி நம்பவைக்கத் தேவையில்லை. அந்தக் காலத்துப் பெரிய சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ. எட்டு வயதுப் பிள்ளைக்கு சீட் எட்டாது. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, சைக்கிளை ஒரு பக்கம் சாய்த்து, உடம்பை மறுபக்கம் தள்ளி, பாதிச் சுற்றுப் பாதிச் சுற்றாக மிதித்துப் போகும். அந்தச் சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டு போடக்கூட அதன் கையில் தெம்பு கிடையாது. இருந்தும் ஓட்டியது.

படி 1: தெம்பை விடுங்கள், முதலில் சைக்கிளை எடை போடுங்கள்

சொந்த எடையையும் சைக்கிளின் எடையையும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுத் தராசில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

25 கிலோ பிள்ளை 11 கிலோ சைக்கிளில் ஏறினால் சைக்கிள் அதன் எடையில் 44 சதவீதம். 70 கிலோ ஆளுக்கு அதே சைக்கிள் 16 சதவீதம்தான். அந்தப் பிள்ளை படும் பாடு உங்களுக்குப் புரியவேண்டும் என்றால் 31 கிலோ சைக்கிள் ஒன்றில் ஏறிக் குதித்துப் பார்க்கவேண்டும். "என் பையனுக்குத் தெம்பு பத்தல" என்று சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் சைக்கிளைத்தான் தூக்கிப் பார்க்கிறேன். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கிறது: முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த, பார்வைக்கு மட்டும் மலைச் சைக்கிள் போன்ற 17, 18 கிலோ இரும்பு. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, கூடை எல்லாவற்றையும் கழற்றினாலே இரண்டு கிலோவுக்கு மேல் குறையும்.

வித்தைக்கென்றே செய்த பி.எம்.எக்ஸ் சைக்கிளுக்கு 20 அங்குலச் சக்கரம், எடை 10 முதல் 12 கிலோ. பாறை மேலும் சுவர் மேலும் தாவும் டிரயல்ஸ் சைக்கிளுக்குப் பெரும்பாலும் சீட்டே கிடையாது, எடை 10 கிலோவுக்கும் கீழே. டிரயல்ஸ் என்ற விளையாட்டே ஸ்பெயினின் கட்டலோனியாவில் மோட்டார் பைக் பந்தயக்காரர் பெரே பி தன் மகனுக்காக அமைத்த சைக்கிளில் இருந்து வளர்ந்தது. மோட்டார் பைக்கின் கனம் தாங்காத பிள்ளைக்கு இலகுவான சைக்கிள். பிள்ளைக்குத் தெம்பு வரும் வரை காத்திருக்காமல் வண்டியின் எடையைக் குறைத்தார்கள்.

சைக்கிளை மாற்ற வழியில்லை என்றால் கவலை வேண்டாம். சீட்டை இறக்குங்கள், பின் பிரேக்கை ஒரு விரலில் பிடிக்கும்படி சரிசெய்யுங்கள், கைப்பிடி சுழலாமல் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். பிரேக் லீவர் கடினமாக இருந்தால் அரை மணி நேரத்தில் முழங்கைக்குக் கீழே இறுகிப்போகும், அதை நீங்கள் "தெம்பு இல்லை" என்று எண்ணிக்கொள்வீர்கள். கேபிளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் தீரும் விஷயம் அது.

படி 2: விழக் கற்றுக்கொள்ளுங்கள்

ஹெல்மெட், முட்டிக் காப்பு, கையுறை. ஷூவுக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்கட்டும். செருப்பு வேண்டவே வேண்டாம். வண்டிகள் வராத மைதானம், புல் அல்லது இறுகிய மண்.

சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டே பின் சக்கரத்தின் பின்னால் இரண்டு காலாலும் இறங்கி நிற்பதைப் பத்து முறை செய்யுங்கள். முன் சக்கரம் தூக்கும் எல்லா வித்தைக்கும் இதுவே உயிர்க்கவசம். பக்கவாட்டில் விழுந்தால் கையை நீட்டி விறைப்பாக ஊன்றாதீர்கள், மணிக்கட்டு உடையும். முழங்கையை மடக்கி, தோளால் உருளுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ குழப்பமோ வந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது, நேரே ஆஸ்பத்திரி.

படி 3: நின்ற இடத்தில் நிற்பது

இளவட்டக்கல் அண்ணன் தோற்ற வித்தை இது. லேசான ஏற்றம் உள்ள இடத்தைத் தேடுங்கள். எழுந்து நின்று, இரண்டு பெடலையும் தரைக்குச் சமமாக வையுங்கள். எந்தக் கால் முன்னால் இருக்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். ஏற்றம் சைக்கிளைப் பின்னால் தள்ளும், நீங்கள் முன் காலால் ஒரு துளி அழுத்தினால் முன்னால் வரும். இந்தத் தள்ளலுக்கும் அழுத்தலுக்கும் இடையில்தான் நிற்கிறீர்கள். பார்வை இரண்டு மீட்டர் முன்னால் ஒரே புள்ளியில்.

இதற்கு வேண்டிய தெம்பு, மாடிப்படி ஏறும் தெம்பு. வேண்டாத தெம்பு நிறைய உண்டு: கைப்பிடியை நசுக்குவது, பல்லைக் கடிப்பது, தோளை உயர்த்துவது. பலசாலிகள் இங்கே திணறக் காரணம், சைக்கிள் சாயும்போது அதைப் பலத்தால் நிமிர்த்தப் பார்ப்பதுதான். சாய்கிற சைக்கிளை அதன் போக்கில் விட்டு, இடுப்பை மறுபக்கம் கொண்டுபோகவேண்டும். 20 வினாடி நிற்க வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: வீலிங், கொஞ்சம் கணக்கோடு

உட்கார்ந்து மிதித்தபடி முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவதுதான் வீலிங். இங்கே எத்தனை கிலோ அழுத்தம் தேவை என்று தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 கிலோ ஆள், 11 கிலோ சைக்கிள், 26 அங்குலச் சக்கரம். ஆளும் சைக்கிளும் சேர்ந்த எடையின் மையம் தரையில் இருந்து 110 செ.மீ உயரத்தில், பின் அச்சுக்கு 35 செ.மீ முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் பல்சக்கரத்தில் 32 பல், பின்னால் 18 பல். கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) படுக்கையாக இருக்கும் அந்தக் கணத்தில், முன் சக்கரம் தானாக எழும்ப, பெடலில் சுமார் 89 கிலோ அழுத்தம் வேண்டும். ஆளின் எடையே 70 கிலோதான். மிச்சத்துக்கு அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துத்தான் காலை அமுக்கவேண்டும். கை வலிப்பது இதனால்தான்.

அதே ஆள் இடுப்பையும் தோளையும் பின்னால் சாய்த்து, எடையின் மையத்தை 10 செ.மீ மட்டும் பின்னே தள்ளுகிறார். தேவை 64 கிலோவுக்குக் குறைகிறது. அவர் எடைக்குள் வந்துவிட்டது. கூடவே கியரை மாற்றி முன்னும் பின்னும் சமப் பல் வைத்தால் 36 கிலோ போதும். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஒற்றைக் காலில் ஏறி நின்றாலே அந்த அழுத்தம் வந்துவிடும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் கொண்ட கியர் இல்லாத பெரிய சைக்கிளில் சாயாமல் மிதித்துத் தூக்க 120 கிலோவுக்கு மேல் வேண்டும். அந்தச் சைக்கிளில் முயன்று "எனக்குத் தெம்பு இல்லை" என்று முடிவுகட்டியவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. கியர்தான் அவர்களைத் தோற்கடித்தது.

இனி செய்முறை. இலகுவான கியரில், நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே வாருங்கள். நெஞ்சை ஹேண்டில்பாரை நோக்கி இறக்குங்கள். வலக்காலோ இடக்காலோ, உங்கள் பலமான கால் மேலே வந்து முன்னே இறங்கத் தொடங்கும்போது, கையை நீட்டியபடியே தோளைப் பின்னால் எறியுங்கள். கை கயிறு மாதிரி. இழுக்காது, தாங்கி மட்டும் நிற்கும். காலும் தோளும் ஒரே நொடியில் வேலை செய்தால் சக்கரம் எழும். விரல் பின் பிரேக்கை விட்டு நகரவே கூடாது. பின்னால் கவிழப் போகிறீர்கள் என்று தோன்றினால் லேசாகப் பிடித்தால் போதும், முன் சக்கரம் இறங்கிவிடும். முதல் நாள் இந்தப் பிரேக்கை மட்டும் பழகுங்கள். பயம் போனால்தான் சாய வரும். சாய வந்தால்தான் கையின் வேலை குறையும்.

படி 5: மேனுவல்

மிதிக்காமல், நின்றபடி முன் சக்கரத்தைத் தூக்கி ஓடவிடுவது. கை பலம் பற்றிய தப்பான எண்ணம் உடைவது இங்கேதான். முட்டியை மடக்கி இறங்குங்கள், பிறகு பிட்டத்தைப் பின் அச்சுக்குப் பின்னால், கீழே தள்ளுங்கள். முக்காலியில் உட்காரப் போய் முக்காலி கொஞ்சம் தள்ளி இருந்தது மாதிரி. கை முழுதாக நீளும், சக்கரம் தானாக எழும். முட்டியை நீட்டினால் சைக்கிள் பின்னே சாயும், மடக்கினால் முன்னே வரும். இது கைவர மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

படி 6: இரண்டு சக்கரமும் தரையை விட்டு

பன்னி ஹாப் என்று சொல்வது இதைத்தான். ஓடும் சைக்கிளோடு குதித்துத் தடையைத் தாண்டுவது. பி.எம்.எக்ஸ் ஆனாலும் மலைச் சைக்கிள் ஆனாலும் மேலே போகும் வித்தைகள் பலவற்றுக்கு இதுதான் அடித்தளம், அதனால் இதில் கொஞ்சம் நேரம் நிற்போம்.

இரண்டு வருஷம் முன்பு என்னிடம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கல்லூரி முடித்த தம்பி, தினமும் ஜிம்முக்குப் போகிறவர். இன்னொருத்தி எட்டாம் வகுப்புப் பிள்ளை, மெலிந்த உடம்பு. தடைக்குச் செங்கல் வைக்கமாட்டேன், இடித்தால் முகம்தான் தரைக்குப் போகும். செருப்புக் கடை அட்டைப்பெட்டிதான் எங்கள் அளவுகோல். தம்பி வேகமாக வந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரே இழுப்பு. முன் சக்கரம் மூன்று பெட்டி உயரத்துக்குப் போனது. பின் சக்கரம் பெட்டியை நசுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தார், இன்னும் பலமாக. இன்னொரு பெட்டி போனது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மாலைக்குள் ஆறு பெட்டி.

அந்தப் பிள்ளைக்கு இழுக்கத் தெம்பில்லை. அதனால் நான் சொன்னதை அப்படியே செய்வதைத் தவிர அவளுக்கு வழியும் இல்லை. பிட்டம் பின்னே, கை நீளம். பிறகு எழுந்து நின்று இடுப்பை ஹேண்டில்பார் வரை கொண்டுவா. பிறகு ஹேண்டில்பாரை முன்னே தள்ளு. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியைத் தாண்டினாள். சத்தமே இல்லை. பின் டயர் பெட்டியின் மூடியை உரசியபோது மூடி ஒரு விரலளவு நகர்ந்தது, அவ்வளவுதான். "அண்ணே, அது எப்படி?" என்று கேட்டது அந்தத் தம்பி.

எப்படி என்றால் இப்படி. நின்ற இடத்தில் குதித்தால் உடம்பு 40 செ.மீ எழும்பக்கூடிய ஒரு சாதாரண 70 கிலோ ஆளை எடுத்துக்கொள்வோம். அதே உதையில் 11 கிலோ சைக்கிளையும் சேர்த்துத் தூக்கினால் எழும்புவது ஏறத்தாழ 35 செ.மீ. இழப்பு வெறும் 5 செ.மீ. அந்தரத்தில் இருக்கும்போது கையையும் காலையும் மடக்கிச் சைக்கிளை உடம்பை நோக்கி இன்னும் 25, 30 செ.மீ ஏற்றிக்கொள்ள முடியும். அப்படியானால் சாதாரணக் கால் பலத்திலேயே சக்கரத்துக்கு அடியில் அரை மீட்டருக்கு மேல் இடம் கிடைக்கக்கூடும். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் தாண்டுவது ஒரு சாண்கூட இல்லை. மிச்சம் முழுவதும் நேரப் பிழையில் போகிறது.

மெல்ல ஓடும் வேகத்தில் வாருங்கள், பெடல் சமம், சீட்டில் உட்காரக் கூடாது. தடைக்கு ஒரு சைக்கிள் நீளம் முன்னால் முட்டியையும் முழங்கையையும் மடக்கி அமுங்குங்கள். அங்கிருந்து மேனுவலில் செய்தது போலப் பிட்டத்தைப் பின்னே தள்ளுங்கள், முன் சக்கரம் எழும். அது உச்சிக்குப் போகும்போது காலை நீட்டி விருட்டென்று எழுந்து நில்லுங்கள். இதுதான் குதி, பலம் வரும் ஒரே இடம் இதுவே. இடுப்பு ஹேண்டில்பாரை நெருங்கியதும் மணிக்கட்டை முன்னே திருப்பித் தள்ளுங்கள், கூடவே கால் விரலைக் கீழ் நோக்கி வைத்துப் பெடலைப் பின்னே வாருங்கள். பின் சக்கரம் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். முதல் இரண்டு வாரம் தரையில் சுண்ணாம்புக் கோடு போதும். பிறகு பெட்டி.

கடைசித் தள்ளலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இழுத்துக்கொண்டே இருந்தால் பின் சக்கரம் ஒருநாளும் வராது.

படி 7: இறங்குவது, இங்கேதான் தெம்பு வேண்டும்

60 செ.மீ உயரத்தில் இருந்து இறங்குகிறீர்கள். டயர் தரையைத் தொட்ட பிறகு முட்டியும் முழங்கையும் 30 செ.மீ மடங்க இடம் கொடுத்தால் உடம்பு தாங்கும் சராசரி விசை உங்கள் எடையைப் போல மூன்று மடங்கு. விறைப்பாக இறங்கி 10 செ.மீ மட்டும் மடங்கினால் ஏழு மடங்கு. 70 கிலோ ஆளுக்கு 210 கிலோவுக்கும் 490 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம்.

மடங்கு என்று சொல்வது எளிது. மூன்று மடங்கு எடை மேலே இருக்கும்போது மெதுவாக, கட்டுப்பாட்டோடு மடங்கத் தொடைக்கும் இடுப்புக்கும் தோளுக்கும் பலம் வேண்டும். அது இல்லாதவர்கள் ஒன்று விறைத்துக்கொள்வார்கள், இல்லை முகம் ஹேண்டில்பாரில் மோதும் அளவுக்குச் சரிவார்கள். உயரம் கூடக் கூட இந்தத் தேவையும் கூடும். ஆகவே உங்கள் கால் தாங்குகிற உயரத்துக்குத்தான் உங்கள் வித்தையின் உயரமும். திண்ணையில் இருந்து சைக்கிள் இல்லாமல் குதித்துச் சத்தமின்றி இறங்க வருகிறதா பாருங்கள். தொம் என்று சத்தம் வந்தால் அந்த உயரம் இப்போதைக்கு வேண்டாம்.

எந்த வித்தைக்கு எவ்வளவு

எல்லா வித்தையும் ஒன்றல்ல. நின்ற இடத்தில் நிற்பது, மேனுவல், தட்டைத் தரையில் சுழன்று ஆடும் ஃப்ளாட்லேண்டின் ஆரம்ப வித்தைகள் எல்லாம் முழுக்கச் சமநிலை. பின் சக்கரத்தில் மட்டும் நின்று தத்தித் தத்திப் போய்ச் சுவர் மேல் பக்கவாட்டில் தாவும் டிரயல்ஸ் அப்படி இல்லை, அதில் கால் உதையின் பலம் நேரடியாக உயரமாக மாறுகிறது. ஜெர்மனியில் அரங்குக்குள் ஆடும் கலைச் சைக்கிளில் ஹேண்டில்பார் மேல் தலைகீழாகக் கை ஊன்றி நிற்பார்கள். அதற்குத் தோள் பலம் இல்லாமல் முடியவே முடியாது.

சரிவு மேடையில் செய்யும் பி.எம்.எக்ஸ் ஃப்ரீஸ்டைல் இரண்டுக்கும் நடுவில். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 1 அன்று, பிரிட்டனின் சார்லட் வொர்திங்டன் முதல் சுற்றில் ஒரு வித்தையில் விழுந்தார். ஒரு முழுச் சுழற்சியோடு பின்னோக்கிக் குட்டிக்கரணம் போடும் வித்தை அது. இரண்டாவது சுற்றில் அதையே மறுபடி செய்து, போட்டியில் அதை முடித்த முதல் பெண் ஆனார், 97.5 புள்ளி, தங்கம். விழுந்ததற்கும் தங்கத்துக்கும் இடையில் அவர் உடம்பில் தசை கூடியிருக்காது. ஆனால் அப்படி விழுந்து, எழுந்து, அதே உயரத்துக்கு உடனே திரும்பப் போகும் உடம்பு வருஷக்கணக்கான உழைப்பில் வந்தது. 2024 பாரிஸில் இதே பிரிவில் தங்கம் வாங்கிய சீனாவின் டெங் யாவென் அப்போது பதின்ம வயதைக்கூடத் தாண்டவில்லை.

ஸ்காட்லாந்தின் டேனி மெக்காஸ்கிலையும் சொல்லவேண்டும். எடின்பரோவில் சைக்கிள் கடையில் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டே, தெருவில் பழகியவர். 2009 ஏப்ரலில் வெளிவந்த அவருடைய வீடியோவில் கூர்முனை கொண்ட இரும்பு வேலியின் மேல் சைக்கிள் ஓட்டுவார். அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேலியின் மேல் ஏறும் குதியில் கால் பலம் தெரியும். ஏறிய பிறகு, கை எவ்வளவு தளர்வாக இருக்கிறது பாருங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சராசரிப் பல வித்தியாசம் கையில் அதிகம், காலில் குறைவு. சைக்கிள் வித்தையில் வேலை காலுக்கும் இடுப்புக்கும். "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு" என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

படி 8: எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்

பயிற்சி முடிந்த இரவு உடம்பே கணக்கு ஒப்பிக்கும். நான் பிள்ளைகளிடம் மறுநாள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

புஜம் வலித்தால் கையால் இழுக்கிறீர்கள். இடுப்பு பின்னே போகவில்லை. முழங்கைக்குக் கீழே இறுகினால் கைப்பிடியை நசுக்குகிறீர்கள், அல்லது பிரேக் கடினமாக இருக்கிறது. இடுப்பின் பின்புறம் கீழே வலித்தால் முதுகை வளைத்துத் தூக்குகிறீர்கள். இதை அலட்சியம் செய்யாதீர்கள், முதுகை நேராக வைத்து இடுப்பில் இருந்து மடங்கப் பழகும்வரை குதிப்பதை நிறுத்துங்கள். தொடையும் பிட்டமும் வலித்தால் சந்தோஷப்படுங்கள், வேலை சரியான இடத்தில் நடந்திருக்கிறது. மூட்டுக்குள் குத்துகிற வலி வேறு ரகம், அதற்கு ஓய்வும் மருத்துவரும்தான்.

படி 9: வீட்டிலேயே தெம்பு ஏற்ற

வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், சைக்கிள் ஓட்டாத நாளில். பஸ்கி போடுங்கள்: 15 வீதம் மூன்று தடவை, கீழே போகும்போது மூன்று எண்ணி மெதுவாக, எழும்போது வேகமாக. இறங்குவதற்கும் குதிப்பதற்கும் வேண்டிய இரண்டையும் இது ஒன்றாகத் தரும். தண்டால், முடிந்த அளவு. முடியாதவர்கள் திண்ணையில் கை ஊன்றிப் போடலாம். 10 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகு நேராக, பிட்டத்தைப் பின்னே தள்ளிக் குனிந்து நிமிருங்கள். மேனுவலில் செய்யும் அதே அசைவு. கைப்பிடிப் பலத்துக்கு இரண்டு கையிலும் தண்ணீர்க் குடமோ வாளியோ தூக்கி நடங்கள். தோளைத் தூக்காமல், பக்கம் சாயாமல். கம்பியில் துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்கினால் இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்கு இந்த எடைத் தூக்கல் எதுவும் வேண்டாம். ஓடட்டும், மரம் ஏறட்டும், பாண்டி ஆடட்டும். ஒற்றைக் காலில் தாவித் தாவிக் கட்டம் தாண்டும் பாண்டியாட்டம் குதிப்பதற்கும் இறங்குவதற்கும் அருமையான பயிற்சி. நாற்பது தாண்டியவர்கள் மணிக்கட்டையும் தோளையும் ஐந்து நிமிடம் சூடாக்காமல் சைக்கிளைத் தொடக்கூடாது.

சைக்கிள் பயிற்சி வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரத்துக்குள். தெம்பு குறைவானவர்கள் நீண்ட நேரம் செய்வதுதான் பெரிய தப்பு. களைத்த உடம்பு இழுக்கத் தொடங்கிவிடும், இழுப்பே பழக்கமாகிவிடும். தொடர்ந்து மூன்று முறை மோசமானால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

படி 10: ஜிம்முக்குப் போகவேண்டிய நேரம்

போனைப் பக்கவாட்டில் செங்கல் மேல் சாய்த்து வைத்து, வாரம் ஒருமுறை மெதுவேக வீடியோ எடுங்கள். மூன்றே மூன்று பாருங்கள்: முன் சக்கரம் எழும்போது கை நேராக இருக்கிறதா, குதிக்கும்போது முட்டி முழுக்க நீள்கிறதா, உச்சியில் இடுப்பு ஹேண்டில்பார் பக்கம் வந்துவிட்டதா. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் உங்கள் குறை தெம்பில் இல்லை. மறுபடி சுண்ணாம்புக் கோட்டுக்குப் போங்கள். மூன்றும் இருந்து, ஒரு மாதமாக உயரம் அதே இடத்தில் நிற்கிறது என்றால், இப்போது உங்களுக்கு உண்மையிலேயே பலம் போதவில்லை. பஸ்கியில் எடை ஏற்றுங்கள், பெட்டி மேல் குதித்து ஏறும் பயிற்சி செய்யுங்கள். அந்தப் பலம் முழுவதும் நேரே சக்கரத்துக்குப் போகும்.

ஆறு பெட்டி நசுக்கிய அந்தத் தம்பிக்கு இழுப்பை மறக்கவே நாலு மாதம் ஆனது. நான் அவரை ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டின் முன்னால் முன் சக்கரத்தை மட்டும் தூக்கச் சொன்னேன், திரும்பத் திரும்ப, இடுப்பு தானாகப் பின்னே போகும்வரை. ஐந்தாவது மாதம் பின் சக்கரம் வந்தது. வந்த பிறகு, ஜிம்மில் சேர்த்த கால் பலம் எல்லாம் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு பெட்டி ஏறிக்கொண்டே போனது. இப்போது அவர் ஐந்து பெட்டி தாண்டுகிறார், அந்தப் பிள்ளை மூன்று. போன ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் வந்து கேட்டாள்: "அண்ணா, பஸ்கி எப்படிப் போடணும்?"